அவுட் ஆஃப் ஆர்டர் என்றால் என்ன?

மும்பை தாராவியில் எங்கள் தமிழ் வகுப்பு மாலையில் நடக்கும். வீட்டு வேலைக்குப் போய்த் திரும்பும் பெண்கள் பலர் வருவார்கள். ஒரு நாள் ஓர் அக்கா வாட்டமாக உட்கார்ந்திருந்தார். சிலேட்டைத் தொடவே இல்லை.

"என்ன அக்கா?" என்று கேட்டேன்.

"மகளுக்குப் பீஸ் கட்ட இன்றைக்குத்தான் கடைசி நாள், தம்பி. பணம் எடுக்க ஏடிஎம் போனேன். கார்டை இரண்டு தடவை செருகினேன். ஒன்றும் வரவில்லை. பின்னால் நின்றவர், 'படிக்கத் தெரியாதா?' என்று சத்தம் போட்டார். மெஷினை நான்தான் கெடுத்துவிட்டேனோ என்று பயந்து வந்துவிட்டேன்."

"மெஷின் மேல் காகிதம் ஏதாவது ஒட்டியிருந்ததா?"

"இருந்தது. இங்கிலீஷில் இருந்தது."

மறுநாள் அக்கா அங்கே போனார். காகிதத்தில் இருந்ததை அப்படியே நோட்டில் வரைந்துகொண்டு வந்தார். மூன்று சொற்கள் இருந்தன. அவைதான் 'அவுட் ஆஃப் ஆர்டர்'.

பொருள் என்ன?

'அவுட்' என்றால் வெளியே. கிரிக்கெட்டில் இந்தச் சொல்லைக் கேட்டிருப்பீர்கள். 'ஆர்டர்' என்றால் கட்டளை. டீக்கடையில் கொடுக்கும் ஆர்டர் அதுதான். ஆனால் 'ஆர்டர்' என்ற சொல்லுக்கு ஒழுங்கு என்றும் பொருள் உண்டு. இங்கே அந்தப் பொருள்தான். சொல்லுக்குச் சொல் பார்த்தால், 'ஒழுங்குக்கு வெளியே' என்று வரும். உண்மையான பொருள்: 'பழுதாகிவிட்டது, வேலை செய்யாது.'

நாமும் இப்படிப் பேசுகிறோம். 'மோட்டார் படுத்துவிட்டது' என்கிறோம். மோட்டார் பாய் விரித்துப் படுக்குமா? ஓடவில்லை என்பதைத்தான் அப்படிச் சொல்கிறோம்.

இடத்தைப் பொறுத்துப் பொருள் மாறும். நாடாளுமன்றத்தில் அவைத் தலைவர் ஒரு பேச்சை 'அவுட் ஆஃப் ஆர்டர்' என்று சொல்வதுண்டு. அது பழுது அல்ல. அந்தப் பேச்சு அவை விதிக்கு ஒத்துவராது என்று பொருள்.

எப்படி அடையாளம் காண்பது?

ஆங்கிலம் தெரியாவிட்டாலும் இதைக் கண்டுபிடிக்கலாம். மூன்று சொற்களும் ஒரே எழுத்தில் தொடங்கும். அது பூஜ்யம் போல வட்டமாக இருக்கும். முதல் சொல்லில் 3 எழுத்து. அடுத்ததில் 2 எழுத்து. கடைசிச் சொல்லில் 5 எழுத்து. வட்டம், வட்டம், வட்டம். மூன்று, இரண்டு, ஐந்து. இதை மனத்தில் வையுங்கள். மும்பையில் சில இடங்களில் இந்தியிலோ மராத்தியிலோ 'பந்த்' என்றும் எழுதியிருப்பார்கள். அதற்கு மூடியிருக்கிறது, ஓடவில்லை என்று பொருள்.

பார்த்தால் என்ன செய்வது?

ஏடிஎம்மில் இந்தக் காகிதம் இருந்தால் கார்டைச் செருகாதீர்கள். வேறு ஏடிஎம் போங்கள். அல்லது வங்கிக்குள் போய்ப் பணம் எடுங்கள்.

சில சமயம் காகிதம் இருக்காது. பணம் வராது. ஆனால் கணக்கில் பணம் குறைந்துவிடும். அப்போது பதற வேண்டாம். சீட்டு வந்தால் பத்திரமாக வையுங்கள். நாள், நேரம், இடம் மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் வங்கியில் புகார் கொடுங்கள். இதற்கு ரிசர்வ் வங்கி 2019இல் ஒரு விதி செய்தது. 5 நாளுக்குள் பணத்தைக் கணக்கில் திருப்பிப் போட வேண்டும். அதற்கு மேல் தாமதமானால், நாளுக்கு 100 ரூபாய் வங்கி தர வேண்டும்.

லிப்டில் இந்தக் காகிதம் இருந்தால் கதவைத் தொடாதீர்கள். பழுதான லிப்டில் கதவு திறந்தாலும் உள்ளே பெட்டி இல்லாமல் போகலாம். கால் வைத்தால் பள்ளம்தான். குழந்தைகளையும் அருகில் விடாதீர்கள்.

காகிதம் ஒட்டியே பல நாள் ஆகிவிட்டதா? சும்மா இருக்காதீர்கள். "எப்போது சரி செய்வீர்கள்?" என்று பொறுப்பில் உள்ளவரைக் கேளுங்கள். கேட்பது நம் உரிமை.

அக்கா என்ன செய்தார்?

சில வாரம் கழிந்தது. அக்கா வேலை செய்யும் கட்டடத்தில் லிப்ட் கதவில் ஒரு காகிதம் தொங்கியது. ஒரு சிறுவன் கதவை இழுத்துக்கொண்டிருந்தான். அக்கா காகிதத்தைப் பார்த்தார். மூன்று வட்டம்! உடனே அவன் கையைப் பிடித்து விலக்கினார். படியேறி 4 மாடி போனார்.

அன்று வகுப்பில் சொன்னார்: "கெட்டது மெஷின், தம்பி. நான் இல்லை."

சொல்லுங்கள்

1. 'ஆர்டர்' என்ற சொல்லுக்கு என்னென்ன பொருள் உண்டு?
2. ஏடிஎம்மில் பணம் வராமல் கணக்கில் குறைந்தால் எவற்றை எழுதி வைக்க வேண்டும்?
3. பழுதான லிப்டின் கதவை ஏன் தொடக்கூடாது?

செய்து பாருங்கள்

உங்கள் ஊரில் பழுதாகிக் கிடக்கும் ஒரு பொருளைப் பாருங்கள். அதைச் சரி செய்யக் கேட்டு, உரியவருக்கு நான்கு வரியில் மனு எழுதுங்கள். கீழே உங்கள் கையெழுத்தைப் போடுங்கள்.