பாலித் தீவில் ஒருநாள் கார்

இந்தோனேசியாவின் பாலித் தீவில் ஓட்டுநரோடு காரை நாள் வாடகைக்குப் பேசினால், கட்டணம் பெரும்பாலும் 8 முதல் 10 மணி நேரத்துக்கு; பெட்ரோல் பொதுவாக அதிலேயே அடக்கம். பார்க்கிங், நுழைவுச்சீட்டு, கூடுதல் நேரம் யார் கணக்கு என்பதை முன்தினமே வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிவிட்டால் மாலையில் தகராறு வராது.

தூரத்தை நம்பக் கூடாது. கூட்டாவிலிருந்து உபுட் சுமார் 35 கி.மீ.தான், நெரிசலில் ஒன்றரை மணி நேரத்தையும் தாண்டும். வடக்கே கிந்தாமணி, தெற்கு முனையில் உலுவாட்டு என ஒரே நாளில் திணித்தால் கார் சீட்டிலேயே பொழுது போய்விடும். உலுவாட்டுக் கோயில் குரங்குகள் மூக்குக்கண்ணாடியைப் பறிப்பதில் கைதேர்ந்தவை. அதைக் கழற்றிப் பைக்குள் வைப்பது நல்லது.

ஓட்டுநர் தானாக நிறுத்தும் காபித் தோட்டம், வெள்ளிக் கடைகளில் அவருக்குக் கமிஷன் இருக்கலாம். வேண்டாமென்றால் புறப்படும்போதே சொல்லிவிடலாம். மார்ச் அல்லது ஏப்ரலில் வரும் நியெபி என்ற மௌன நாளில் வாடகைக் கார் எதுவும் ஓடாது.