கைவினைப் பெட்டியும் கைக்குழந்தையும்

ஓரறை வீட்டில், மூத்த பிள்ளை மணி கோக்கும் இடத்திலேயே தவழும் குழந்தையும் விளையாடுகிறது. ஆகவே, கைவினைப் பொருள்களை அடுக்கும்போது பாதுகாப்பையே முதலில் கருத வேண்டும். காகிதம், வரைபுத்தகம் ஆகியன தாழ்ந்த தட்டில் இருக்கலாம். கத்தரிக்கோல், பசை, மணிகள் ஆகியவற்றை இறுக மூடும் டப்பாவிலிட்டு, எட்டாத உயரத்தில் வையுங்கள்.

மூன்று பொருள்களில் கூடுதல் கவனம் தேவை. நீரில் ஊறிப் பெருக்கும் ஜெல் மணிகள் குடலுக்குள்ளும் பெருத்து அதனை அடைக்கக்கூடும். ஒன்றுக்கு மேற்பட்ட காந்தங்களை விழுங்கினால், அவை ஒன்றையொன்று ஈர்த்து, இடைப்பட்ட குடற்சுவரை நெரித்துத் துளையிடக்கூடும். பொத்தான் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் 2 மணி நேரத்திலேயே கடும் புண் உண்டாகலாம்.

இவற்றை விழுங்கியதாக ஐயம் எழுந்தாலே, அறிகுறிக்காகக் காத்திராமல், வாந்தியெடுக்கச் செய்யாமல், உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். அதே வகைப் பொருள் மீதமிருந்தால் அதையும் கொண்டுவாருங்கள்.

விளையாட்டு முடிந்ததும் எண்ணி எடுத்துவைக்க மூத்த பிள்ளையைப் பழக்குங்கள்.