தேற்றாங்கொட்டையும் தெளிநீரும்

வானம் பார்த்த பூமியான புதுக்கோட்டைப் பகுதியில் குடிநீருக்கென்றே ஊரணிகள் பேணப்பட்டன. மழைக்குப்பின் ஊரணி நீர் கலங்கியிருக்கும். கலங்கிய நீரைத் தேற்றாங்கொட்டையால் தெளிவித்தல் தமிழரின் தொன்மையான வழக்கம். கலித்தொகையிலேயே அஃது உவமையாக இடம்பெற்றுள்ளது.

களிமண் துகள்கள் எதிர்மின்சுமை உடையவை. ஒன்றையொன்று விலக்குவதால் அவை எளிதில் அடியில் படிவதில்லை. மண்பானையின் உட்புறத்தில் கொட்டையைத் தேய்த்து நீரை ஊற்றினால், கொட்டையிலுள்ள பலபடி மூலக்கூறுகள் நீரில் கலக்கின்றன. நீண்ட சங்கிலி போன்ற அவை துகள்களைப் பற்றிப் பாலம்போல் இணைக்கின்றன.

இங்கு நீரின் ஓட்டத்திற்குப் பெரும்பங்கு உண்டு. நீர் அசையாதிருந்தால் துகள்கள் ஒன்றையொன்று சந்திப்பது அரிது. மெல்லக் கலக்கினால் அவை மோதித் திரளும். மிக விரைந்து கலக்கினாலோ திரண்டவை மீண்டும் சிதறும். ஆகவே, மெல்லச் சுழற்றியபின் நீரை அசையாது வைத்தல் வேண்டும். அப்போது துகள்கள் செறிந்த வண்டல் கீழேயும் தெளிநீர் மேலேயுமாகப் பிரியும். இன்றைய குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களிலும் படிகாரம் சேர்த்து விரைந்து கலத்தல், மெல்லக் கலக்குதல், படியவிடுதல் என்னும் வரிசையே பின்பற்றப்படுகிறது.

எனினும், தெளிந்த நீரெல்லாம் தூய நீர் அன்று. கண்ணுக்குப் புலப்படாத நோய்க்கிருமிகள் அதில் எஞ்சியிருக்கலாம். ஆதலின், தெளிந்த நீரையும் காய்ச்சிப் பருகுதலே நலம்.