பிளாஸ்மா டிவியும் பகல் வெளிச்சமும்

பானசோனிக்கும் சாம்சங்கும் எல்ஜியும் 2013, 2014-லேயே பிளாஸ்மாவுக்கு முழுக்குப் போட்டுவிட்டன. எங்கள் ஹாலில் மட்டும் அந்த 42 அங்குலப் பெட்டி இன்றும் ஓடுகிறது. அதை மாற்ற எனக்கு மனமில்லை. இரவுக் காட்சிகளில் அது காட்டும் கறுப்பும், ஓரத்தில் பாய் போட்டு உட்கார்ந்தவருக்கும் நிறம் மாறாமல் தெரிவதும் அப்படிப்பட்டவை.

பகலில்தான் சிரமம். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி என்பதால் எதிரில் இருப்பதெல்லாம் அதில் தெரியும். போதாததற்கு, கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் பாஸ்பர் பூச்சு வெளிர் நிறம். வெளிச்சம் பட்டால் கறுப்பெல்லாம் சாம்பலாக வெளுத்துவிடும்.

உடனே ரிமோட்டை எடுத்து பிரைட்னஸையும் கான்ட்ராஸ்டையும் ஏற்றத் தோன்றும். அதில் பெரிய பலன் இல்லை. திரை முழுக்க வெளிச்சமான காட்சி வந்தால், மின்சாரம் கட்டுக்குள் இருக்க பிளாஸ்மா தானாகவே ஒளியைக் குறைத்துக்கொள்ளும். பகல் ஆட்ட கிரிக்கெட் மைதானம் மங்கலாகத் தெரிவது இதனால்தான். கான்ட்ராஸ்டை ஏற்றியே வைத்திருந்தால் செய்திச் சேனலின் லோகோவும் அடியில் ஓடும் பட்டையும் திரையில் தழும்பாகத் தங்கிவிடும் அபாயமும் உண்டு. சரிசெய்ய வேண்டியது அறையைத்தான்.

நான் செய்வது இது. டிவியை அணைத்துவிட்டு, வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்கார்ந்து கறுத்த திரையைப் பார்ப்பேன். பால்கனிக் கதவு, டியூப்லைட், பீரோக் கண்ணாடி என்று குற்றவாளிகள் வரிசையாகத் தெரிவார்கள். இடம் மாறி உட்கார்ந்தால் வேறு பொருள்கள் தெரியும். ஆகவே வீட்டில் எல்லோருடைய இடத்திலிருந்தும் பார்ப்பது நல்லது.

ஜன்னலுக்கு நேர் எதிரே டிவி வேண்டாம், பக்கச் சுவரே சரி. இடம் மாற்ற வழியில்லையென்றால் பெட்டியைக் கொஞ்சம் திருப்புங்கள். ஐந்து டிகிரி திருப்பினால் பிம்பம் பத்து டிகிரி விலகும். உயரத்தில் இருக்கும் டியூப்லைட் தெரிந்தால், திரையின் மேல்விளிம்பு சற்று முன்னால் சாயும்படி மாட்டினால் போதும். மெல்லிய திரைச்சீலை ஜன்னலின் உருவத்தை மறைக்கும், வெளுப்பைப் போக்காது. மேற்கு வெயில் விழும் ஜன்னலுக்குக் கனத்த துணிதான் வேண்டும்.

இரவில் எல்லா விளக்கையும் அணைக்கத் தேவையில்லை. டிவிக்குப் பின்னால் ஒரு சிறிய விளக்கு எரிந்தால் அது திரையில் விழாது, கண்ணும் களைக்காது.

தூசியும் விரல் தடமும் ஒளியைச் சிதறடித்து வெளுப்பைக் கூட்டும். டிவியை அணைத்து, ஆறவிட்டு, உலர்ந்த மென்துணியால் துடையுங்கள். அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனர் கூடவே கூடாது, கூச்சத்தைக் குறைக்கும் மேற்பூச்சைக் கெடுத்துவிடும்.

பழைய பிளாஸ்மா விலைக்கு வந்தால் பகலில் போய்ப் பாருங்கள். முழு வெள்ளைப் படம் ஒன்றைப் போடச் சொல்லுங்கள். எந்தச் சேனலின் லோகோவாவது நிழலாகத் தெரிந்தால், வாங்காதீர்கள்.