மல்லாட்டைக் கொல்லையில் கண்ணுக்குத் தெரியாத உண்ணி

மாட்டின் மடியிலும் காதோரத்திலும் ஊதித் தொங்கும் உண்ணியைப் பார்த்தால் திண்டிவனம், மயிலம் பக்கத்தில் யாரும் பதறுவதில்லை. பிடுங்கிக் கல்லில் வைத்து நசுக்கிவிட்டுப் பால் கறக்க உட்கார்ந்துவிடுவார்கள். சென்னையிலிருந்து விடுமுறைக்கு வரும் பிள்ளைகள்தான் கைபேசியில் எதையோ படித்துவிட்டு, “மாமா, இது கடிச்சா லைம் நோய் வருமா?” என்று முகம் வெளுத்துக் கேட்கும். லைம் நோய் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பெரிய தொல்லை. விழுப்புரம் மாவட்டத்துக் கொல்லையில் நான் பயப்படுவது வேறொன்றுக்கு. அதைக் கண்ணால் பார்க்கவே முடியாது.

டாக்டர்கள் ஸ்க்ரப் டைஃபஸ் என்கிறார்கள். நாளிதழ்கள் உண்ணிக் காய்ச்சல் என்று எழுதுகின்றன. ஆனால் மாட்டில் தொங்கும் உண்ணிக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. உண்ணிக்குத் தூரத்து உறவான ஒரு சிற்றுயிரின் குஞ்சுதான் இதைப் பரப்புகிறது. அளவு கால் மில்லிமீட்டருக்கும் குறைவு. வளர்ந்த பிறகு மண்ணுக்குள் பூச்சி முட்டைகளைத் தின்று பிழைத்துக்கொள்ளும். குஞ்சாக இருக்கும்போது ஒரே ஒரு தடவை எலியையோ மூஞ்சூறையோ, வழியில் உட்கார்ந்த மனிதரையோ கடிக்கும். அந்த ஒரு கடியில் ஓரியன்ஷியா என்ற பாக்டீரியா உடம்புக்குள் போய்விடுகிறது. தாயிடமிருந்து முட்டை வழியாகவே குஞ்சுக்குக் கிருமி போவதால், ஒரு புதரில் இது குடியேறிவிட்டால் லேசில் ஒழியாது. ஒரே கரம்பில் இந்த மூலை சுத்தமாகவும் அந்த மூலை ஆபத்தாகவும் இருக்கும்.

மழை விழுந்து புல் தழைத்ததும் இதற்குக் கொண்டாட்டம். ஐப்பசி முதல் மாசி வரை நம் பக்கத்தில் இந்தக் காய்ச்சல் அதிகம். 2025 ஜனவரியில்கூடத் தமிழகப் பொது சுகாதாரத் துறை இதைப் பற்றி எச்சரிக்கை விடுத்தது. எங்கள் ஊரில் மானாவாரி மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்குவதும் இதே சமயத்தில்தான். ஆடியில் விதைத்தது ஐப்பசியில் கைக்கு வந்துவிடும். திண்டிவனம் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட டி.எம்.வி. ரகங்களை ஊரெல்லாம் பேர் சொல்லித் தெரியும். அதைப் பிடுங்கும் பெண்கள் எப்படி உட்கார்ந்து வேலை செய்கிறார்கள் என்பதைத்தான் யாரும் கவனிப்பதில்லை. செடியைப் பிடுங்கிக் குவித்துவிட்டு, வேப்பமரத்து நிழலில் வெறும் மண்ணில் சம்மணம் போட்டு, மடியில் கொடியை வாரிப் போட்டுக்கொண்டு காய் ஆய்வார்கள். காலையில் உட்கார்ந்தால் பொழுது சாயும்வரை அதே இடம்தான். காய்க்கு எலி வரும், எலியோடு இந்தக் குஞ்சும் வரும்.

என் பெரியம்மாவுக்கு வந்ததும் அப்படித்தான். காய் ஆய்ந்து முடித்துப் பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து நல்ல காய்ச்சல், மண்டையைப் பிளக்கும் தலைவலி, தொடை இடுக்கில் நெறி கட்டியிருந்தது. பக்கத்தில் ஒரு கிளினிக்கில் ஊசி போட்டார்கள். ராத்திரி வியர்த்து இறங்கும், மறுநாள் சாயங்காலம் திரும்ப ஏறும். டெங்கு இல்லை, மலேரியா இல்லை, டைஃபாய்டும் இல்லை என்று முடிவு வந்தது. கடைசியில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். அங்கே இருந்த டாக்டரம்மா ரத்தப் பரிசோதனைச் சீட்டை அப்புறம்தான் பார்த்தார். முதலில் கேட்டது, “கொல்லைக்குப் போவீங்களாம்மா? எங்க உக்காந்து வேலை செய்வீங்க?” என்றுதான். பிறகு திரைக்குப் பின்னால் அழைத்துப்போய் உள்பாவாடை நாடாவைத் தளர்த்தச் சொன்னார். இடுப்பு மடிப்பில் இருந்தது அது: மிளகு அகலத்துக்குக் கறுத்த பொருக்கு, சுற்றிலும் சிவந்த வளையம்.

“இதுவா? நாடா ஒரசி புண்ணாயிருக்கும்னு தேங்காண்ணெ வச்சிகினு இருந்தேம்மா” என்றாள் பெரியம்மா.

இந்தப் பொருக்கு வலிக்காது, அரிக்காது, அதனால் யாரும் சொல்ல மாட்டார்கள். குஞ்சு துணி இறுக்கும் இடத்தையும் தோல் மெல்லிசாக மடியும் இடத்தையும் தேடிப் போய் ஒட்டும். ஆண்களுக்கு அரைஞாண் கயிற்றுக்கு அடியில், தொடை இடுக்கில், விரைப்பையில். பெண்களுக்கு மார்பின் கீழ் மடிப்பில், நாடா கட்டும் இடத்தில், முதுகில் உள்ளாடைப் பட்டைக்கு அடியில். அக்குள், காதின் பின்புறம், குழந்தைகளுக்குத் தலைமுடிக்குள்ளும் பார்க்க வேண்டும். மனிதர்கள் டாக்டரிடம்கூடக் காட்டக் கூச்சப்படும் இடங்களாகப் பார்த்து இது ஒளிந்துகொள்கிறது. அதனால் எங்கள் வீட்டில் காய்ச்சல் என்று யாராவது படுத்தால், டாக்டரிடம் போவதற்கு முன்பே அவரவர் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, கண்ணாடியும் கைபேசி விளக்குமாகத் தேடிவிட வேண்டும் என்பது சட்டம். பொருக்கு கிடைக்கவில்லை என்றால் நோய் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. பலருக்கு அது தென்படாமலே போகும். அப்போது ஐ.ஜி.எம். எலிசா பரிசோதனைதான் துணை.

டாக்டரிடம் நீங்களாக வாய் திறந்து சொல்ல வேண்டியது ஒன்று உண்டு: கடந்த மூன்று வாரத்தில் புதர், வயல், சவுக்குத் தோப்பு, ஏரிக்கரை என்று எங்கெல்லாம் போனீர்கள் என்பது. வழக்கமாகக் காய்ச்சலுக்குக் கொடுக்கும் பெனிசிலின், செஃபலோஸ்போரின் வகை மருந்துகள் இந்தக் கிருமியிடம் எடுபடாது. டாக்ஸிசைக்ளின் கேட்கும், அசித்ரோமைசினும் கேட்கும். விலையும் அதிகமில்லை. பெரியம்மாவுக்கு இரண்டே நாளில் காய்ச்சல் விட்டது. தாமதமானால் நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று ஒவ்வொன்றாகப் பிடிக்கும், உயிரே போகலாம். முற்றிய நிலையில் வருகிறவர்களுக்கு இரண்டு மருந்தையும் சேர்த்து நரம்பு வழியாகக் கொடுத்தால் பலன் கூடுதல் என்று வேலூர் சி.எம்.சி. டாக்டர்கள் முன்னின்று, சுமார் 800 நோயாளிகளை வைத்து நடத்திய ஆய்வு 2023இல் வெளியானது. இரண்டாம் உலகப் போரில் பர்மா முனையில் சிப்பாய்களைக் கொத்துக் கொத்தாகச் சாய்த்த நோய் இது. 1948இல் மலேயாவில் குளோராம்பெனிகால் கொடுத்துப் பார்க்கும்வரை இதற்குக் கைகண்ட மருந்து கிடையாது. இன்று மருந்து பக்கத்துக் கடையில் இருக்கிறது, நோயின் பேர்தான் நேரத்துக்கு ஞாபகம் வருவதில்லை. அதற்காகக் கடையில் போய் நீங்களே மாத்திரை வாங்கி விழுங்காதீர்கள். கர்ப்பிணிகளுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் எது, எவ்வளவு என்பது டாக்டர் முடிவு செய்ய வேண்டியது.

வராமல் தடுக்க நான் செய்வதெல்லாம் சாதாரண விஷயங்கள்தான். வெறும் மண்ணிலும் புல்லிலும் உட்காருவதில்லை. காய் ஆயும் இடத்தில் இப்போது தார்ப்பாய் விரிக்கிறோம். அதற்கு முன்னால் அந்த இடத்துப் புல்லைச் செதுக்கி வெயில் படவிடுகிறோம். “இன்னாடா இது, கல்யாணப் பந்தியா?” என்று முதல் நாள் சிரித்தவர்கள் இப்போது தார்ப்பாய் இல்லை என்றால் கேட்டு வாங்குகிறார்கள். விட முடியாத பழக்கம் துண்டுதான். வரப்பில் விரித்துப் படுத்து எழுந்து, ஒரு உதறு உதறி, அதே துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வருகிறோம். கழுத்துக்கு விருந்தாளியை நாமே சுமந்து வருகிற வேலை அது. துவைத்த துணியை வேலியிலும் செடியிலும் காயப்போடுவதும் அதே ரகம். கொடி கட்டிக் காயப்போட வேண்டும்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு புதருக்குள் நுழைவதைவிட முழுக்கால் பேண்ட் மேல். பேண்ட் நுனியைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளலாம். பார்க்கக் கோமாளித்தனமாக இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும். மருந்துக்கடையில் கொசுவுக்கு விற்கும் டீட் கலந்த களிம்பு இந்தக் குஞ்சுக்கும் உண்ணிக்கும் ஆகும். மாட்டுக்கு அடிக்கும் டெல்டாமெத்ரினைத் தன் சட்டையில் தெளித்துக்கொண்ட ஒரு புத்திசாலியை நான் பார்த்திருக்கிறேன். அந்த வேலை வேண்டாம்.

எல்லாவற்றையும்விட முக்கியம் வீடு திரும்பியதும் செய்வது. குஞ்சு தோலில் ஏறியதும் கடித்துவிடுவதில்லை. தோதான இடம் தேடிக் கொஞ்ச நேரம் அலையும். அதற்குள் சோப்புப் போட்டுத் துணியால் நன்றாகத் தேய்த்துக் குளித்துவிட்டால் போய்விடும். காபி, டிவி எல்லாம் பிறகு. போட்டிருந்த துணி கட்டிலுக்குப் போகாமல் நேரே வெந்நீர் வாளிக்குப் போக வேண்டும்.

இது கொல்லைக்காரர்களுக்கு மட்டும் சொல்வதல்ல. செஞ்சிக் கோட்டைக்கு 2025இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம் கிடைத்த பிறகு குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். ராஜகிரிப் படியில் ஏறுகிறவரை கவலையில்லை. அடிவாரத்துப் புதரோரம் பிள்ளைகளைப் புல்லில் உருளவிட்டுப் புளிச்சோறு பிரிக்கும் இடத்தில்தான் எனக்கு வயிறு கலங்கும். திருவக்கரை கல்மரப் பூங்கா, மண்டகப்பட்டு குடைவரை, கழுவேலி ஏரிக்கரையில் பறவை பார்க்கப் போகிறவர்கள், எல்லோருக்கும் இதே பேச்சுத்தான்: பாய் கொண்டுபோங்கள், ஒதுங்குவதற்குப் புதருக்குள் போகாதீர்கள்.

இனி கண்ணுக்குத் தெரிகிற உண்ணி. நம் தோலில் ஒட்டியிருந்தால் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல், நிதானமாக நேராக இழுக்க வேண்டும். ஊதுவத்தியால் சுடுவது, மண்ணெண்ணெய் தடவுவது எல்லாம் கூடாது. உண்ணி மிரண்டு, வயிற்றில் இருப்பதைக் கடிவாய்க்குள் கக்கிவிடக்கூடும். எடுத்ததை நகத்தால் நசுக்காமல் சோப்புத் தண்ணீரில் போட்டுவிட்டு, கடிவாயைக் கழுவ வேண்டும். உண்ணி பரப்பும் குரங்குக் காய்ச்சல் 1957இல் ஷிமோகா பக்கம் கியாசனூர் காட்டில் தெரியவந்தது. அது மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டு விவகாரம், நம் சமவெளிக்கு அந்தக் கவலை வேண்டாம். நாய் உண்ணி கடித்தும் ஒரு வகைப் புள்ளிக் காய்ச்சல் வருவதுண்டு; அதற்கும் டாக்ஸிசைக்ளின்தான். நாய் உண்ணி சுவர் விரிசலில் ஏறி முட்டை வைக்கும், நாயை மட்டும் குளிப்பாட்டிப் பிரயோஜனமில்லை.

மாட்டுக்கு வருவோம். ஜெர்சிக் கலப்பு மாடுகள் உண்ணிக்கு நாட்டு மாட்டைவிடச் சீக்கிரம் பலியாகும். மூத்திரம் காபி நிறத்தில் போனால் கால்நடை மருத்துவரைக் கூப்பிட ஒரு மணி நேரம்கூடத் தள்ளக் கூடாது. சாதாரண உண்ணித் தொல்லைக்குக் கால்நடைக்காரர்களிடம் பரவலாக உள்ள மூலிகை முறையைத்தான் நாங்கள் செய்கிறோம். பூண்டு பத்துப் பல், வேப்பிலை, வேப்பம்பழம், உண்ணிச்செடி இலை, துளசி ஒவ்வொன்றும் ஒரு கைப்பிடி, வசம்பு 10 கிராம், மஞ்சள்தூள் 20 கிராம். அரைத்து ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து வடிகட்டி, வெயில் நேரத்தில் மாட்டின் மேல் தெளிக்க வேண்டும். மடி, காது, வாலடி விட்டுப்போகக் கூடாது. கொட்டகைச் சுவர் விரிசலிலும் அடிக்க வேண்டும். ஒரு பெண் உண்ணி கீழே விழுந்து ஆயிரக்கணக்கில் முட்டை போடுவது மாட்டின் மேல் இல்லை, அங்கேதான். வாரம் ஒரு முறை, உண்ணி குறையும்வரை. வேப்பம்பழம் கிடைக்கும் பருவம் குறைச்சல் என்பதால் பெரியம்மா ஆனி மாசத்திலேயே பொறுக்கிக் காயவைத்துப் பானையில் போட்டுவிடுகிறாள், பொறுக்கக் குனியும்போது இப்போதெல்லாம் கீழே உட்காருவதில்லை.