ஜெபமும் வேண்டும், ஆலோசகரும் வேண்டும்

கேள்வி: அம்மா இறந்து எட்டு மாதமாகிறது. இரவில் தூக்கமில்லை. செம்பனைக் காட்டில் வேலை செய்யும்போது கை நடுங்குகிறது. கிறிஸ்தவ ஆலோசகரிடம் போகலாமா? விசுவாசம் இல்லாதவள் என்று சபையில் நினைப்பார்களோ?
- ஒரு சகோதரி, பகாவ்

பதில்: தயங்காமல் போங்கள், சகோதரி. சூரைச்செடியின் கீழ் சாக விரும்பிப் படுத்த எலியாவைத் தேவதூதன் கண்டிக்கவில்லை. சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்து, மறுபடி தூங்கவிட்டான். உடம்பையும் மனத்தையும் கவனிப்பது அவிசுவாசம் ஆகாது.

போதகர் உங்களுக்காக ஜெபிப்பார், துக்கத்தில் துணை நிற்பார். ஆலோசகர் அதற்கென்றே படித்தவர். மலேசியாவில் 1998ஆம் ஆண்டின் ஆலோசகர் சட்டப்படி அவர் பதிவு பெற்றிருக்க வேண்டும். "பதிவு உண்டா? கட்டணம் எவ்வளவு? தமிழில் பேசலாமா?" என்று முதலிலேயே கேளுங்கள்.

முதல் சந்திப்பு ஏறக்குறைய ஒரு மணி நேரம் நடக்கும். அவர் அதிகம் கேட்பார், குறைவாகப் பேசுவார். அழுகை வந்தால் அழலாம். ஜெபம் வேண்டுமா என்பது உங்கள் விருப்பம். நீங்கள் சொன்னது லயத்தில் குடியிருப்பவர்கள் காதுக்குப் போகாது; உயிருக்கு ஆபத்து போன்ற அரிய நிலையில் மட்டுமே பிறரிடம் சொல்வார். ஒரே நாளில் பாரம் இறங்காது. சில வாரங்கள் பொறுங்கள். மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்தச் சொல்பவரிடமும், பாவத்தால் வந்த நோய் என்பவரிடமும் திரும்பப் போகாதீர்கள்.

தூக்கமின்மைக்கும் நடுக்கத்துக்கும் அரசாங்கக் கிளினிக்கில் மருத்துவரையும் பாருங்கள். வாழவே வேண்டாம் என்று தோன்றினால் காத்திருக்காமல் உடனே 15999 என்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள், இரவிலும் எடுப்பார்கள். இந்த வாரமே ஒரு நாள் குறித்துக்கொள்ளுங்கள், சகோதரி.