பளபளத்த மூடியில் நெசவு தெரிவது ஏன்?

கேள்வி: சிறிய ஃபைபர் பட்டறை வைத்திருக்கிறேன். படகு இன்ஜின் பெட்டி மூடிகளை இத்தனை வருடம் கையால்தான் போட்டோம். நான்கு மாதமாக வாக்குவம் இன்ஃப்யூஷனுக்கு மாறியிருக்கிறோம். எடை நன்றாகக் குறைந்திருக்கிறது. ஆனால் மோல்டிலிருந்து எடுக்கும்போது கண்ணாடி மாதிரி இருக்கும் மூடி, பத்து நாள் வெயிலில் கிடந்தால் ரோவிங்கின் நெசவைக் கட்டம் கட்டமாகக் காட்டுகிறது. அங்கங்கே ஊசித்துளைகளும் உண்டு. கருநீல ஜெல்கோட், அதன் மேல் நேராக ரோவிங், பாலியெஸ்டர் ரெசின். எங்கே தப்பு?
– கடலூர் வாசகர்

பதில்: பாலியெஸ்டர் ரெசின் இறுகும்போது கன அளவில் சுமார் 7 சதவீதம் சுருங்கும், கண்ணாடி இழை சுருங்காது. ரோவிங்கில் இழைகள் ஏறி இறங்கும் இடங்களில் சிறு பள்ளங்கள் இருக்கும். அங்கே ரெசின் கூடுதலாகத் தேங்கும், கூடுதலாக உள்வாங்கும். நீங்கள் பார்க்கும் கட்டங்கள் அவைதான். கையால் போட்டபோது தாராளமாக இருந்த ரெசின் இதை ஓரளவு மறைத்தது. இப்போது வாக்குவம் பையின் மேல் சதுர மீட்டருக்குச் சுமார் 10 டன் காற்றழுத்தம் ரோவிங்கை ஜெல்கோட்டின் முதுகோடு சேர்த்து அழுத்துகிறது.

எடுத்த அன்று ரெசின் முழுதாக இறுகியிருக்காது. வெயிலில் கருநீல மூடி சூடேறியதும் மிச்சச் சுருக்கமும் வெளியே வந்துவிடுகிறது.

ஆகவே மூடியின் வெளிமுகத்தை இன்ஃப்யூஷனுக்கு முன்பே செய்து முடியுங்கள். ஜெல்கோட்டை அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல் போடுங்கள். விரலால் தொட்டால் ஒட்ட வேண்டும், நிறம் விரலில் வரக்கூடாது, அதுதான் பக்குவம். அப்போது 30 கிராம் டிஷ்யூ, 300 கிராம் மேட் இரண்டையும் வினைல் எஸ்டர் ரெசினில் நனைத்து, காற்றில்லாமல் ரோலர் ஓட்டுங்கள். ஓர் இரவு இறுகட்டும். காலையில் லேசாக உப்புத்தாள் தேய்த்துத் தூசி துடைத்த பிறகே ரோவிங். அந்த அடுக்கு தன் சுருக்கத்தை ஏற்கெனவே முடித்திருக்கும்; ரோவிங்கின் தடத்தை மேலே விடாது.

இன்ஃப்யூஷன் முடிந்ததும் அவசரப்பட்டுக் கழற்றாதீர்கள். ஒரு நாள் அப்படியே விட்டு, பிறகு மோல்டோடு 40 டிகிரியில் 16 மணி நேரம் வையுங்கள். வாடிக்கையாளர் சம்மதித்தால் வெள்ளை ஜெல்கோட் போடுங்கள்; வெயிலில் அவ்வளவு சூடாகாது.

ஊசித்துளைக்கு: ஒரு துளையை பிளேடு முனையால் திறந்து பாருங்கள். ஜெல்கோட்டுக்குள்ளேயே முடிந்தால், கலக்கும்போது புகுந்த காற்று. மெதுவாகக் கலக்குங்கள், மெல்லிய பூச்சுகளாக அடியுங்கள். அடியில் வெளுத்த, ரெசின் ஏறாத இழை தெரிந்தால், பையில் கசிவு. ரெசின் விடுமுன் பம்ப் குழாயை அடைத்து 15 நிமிடம் வாக்குவம் மீட்டரைப் பாருங்கள். முள் அசைந்தால் கசிவைக் கண்டுபிடிக்காமல் ரெசின் கலக்காதீர்கள்.

நெசவு தெரியும் மூடிகளை இப்போதே தேய்க்க வேண்டாம். மறுபடி சுருங்கினால் அதே கட்டம் திரும்பி வரும். சில வாரம் வெயிலில் போட்டு வையுங்கள். பிறகு தேய்த்து, பிரைமர் கொடுத்துப் பெயின்ட் அடியுங்கள். டியூப்லைட் அடியில் மூடியைச் சாய்த்துப் பிடித்தால் அதன் பிம்பம் நெளியாமல் நேர்கோடாகத் தெரிய வேண்டும். புது மூடிகளை எடுத்த அன்றும், ஒரு மாதம் கழித்தும் இப்படிப் பாருங்கள். இரண்டாவது முறையும் கோடு நேராக இருந்தால்தான் வேலை சரி.